துண்டுக்காரன்

பெரியாஸ்பத்திரி லிஃப்டில்
எட்டு மணி நேரம் பொத்தான் அழுத்துகிறவன் நான்.
நாலை அழுத்தினால் அது யோசிக்கும்.
கதவு பாதி மூடி, மறுபடி திறந்து,
மறந்த பெயரைத் தேடுவது போல் நிற்கும்.
ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் கூரையைப் பார்ப்பார்.
நான் இன்னொரு தரம் அழுத்துவேன்.

ஒன்பதரைக்கு ஷிப்டு முடிந்ததும்
கோரிப்பாளையத்தில் பரோட்டாக் கடைக்கு மேலே
சிக்கந்தரின் மாடிக்குப் போவேன்.
மணிக்கு அறுபது ரூபாய். செருப்பு வெளியே.
அங்கேயும் பொத்தான்தான்.
ஆனால் இது யோசிப்பதில்லை.
கட்டைவிரல் இறங்கி முடிவதற்குள்
முப்பது மாடி தாண்டியிருப்பான் அவன்.

அவனுக்கு இங்கிலீஷில் நீளமாய் ஒரு பெயர் உண்டு.
முதுகில் படபடக்கும் ஊதாத் துணியை வைத்து
இங்கே எல்லாருக்கும் அவன் துண்டுக்காரன்.

பறப்பதுதான் சுகம் என்று முதல் வாரம் நினைத்தேன்.
பறப்பதும் லிஃப்ட் மாதிரிதான், சலித்துவிடும்.
சுகம் இறங்குவதில்.
முட்டி மடங்கி, ஒரு கை தரையில் ஊன்றி,
தார் ரோடு பிளந்து,
ஓரமாய் நிற்கும் கார்களின் கண்ணாடி
ஓர் இமைப்பு பிந்தி நொறுங்குமே,
அந்தப் பிந்தல்.
உள்ளங்கையில் கருவி புறாவைப் போல் ஒருமுறை சிலிர்க்கும்.
அப்போதுதான் நம்புவேன், இவனுக்குக் கனம் இருக்கிறது.
கனமில்லாதது பறந்தால் பாலிதீன் பை.

சண்டையும் அப்படியே.
கீழே தவசி மாஸ்டர் கொத்துப் பரோட்டா கொத்துவார்.
டக்கட டக்க, டக்கட டக்க,
திடீரென ஒரு நிறுத்தம், முட்டை உடைக்க.
பிறகு மறுபடி டக்கட.
அந்த நிறுத்தம் இல்லையென்றால் அது வெறும் தகர இரைச்சல்.
நானும் மூன்று அடி அடித்து விரலைப் பொறுப்பேன்.
பொறுத்த நாளில் நாலாவது அடிக்கு
எதிரி மதில் தாண்டிப் போவான்.
பொறுக்காமல் இடிப்பவர்களைப் பார்த்து
"நெல்லா குத்துற?" என்பான் சிக்கந்தர்.

போன மாதம் எல்லாச் சக்தியும் கிடைத்துவிட்டது.
நெருப்பு சுடவில்லை.
லாரி மோதினால் லாரிக்குத்தான் சேதம்.
இருபது நிமிடத்தில் கொட்டாவி.
மிச்ச நேரத்துக்குக் காசைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
ஒரு விரற்கடை உயிர் மிச்சம்,
திரையின் ஓரமெல்லாம் சிவப்பு துடிக்க
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன்.
முதுகு அப்போதுதான் நிமிர்ந்தது.

துடிக்கும் கோடுகளைப் பகலில் பார்த்திருக்கிறேன்,
நாலாம் மாடியில்.
அங்கே எழுந்து வர நேரமாகும், வராமலும் போகும்.
இங்கே செத்தவன்
மூன்று எண்ணுவதற்குள் ஒரு கூரைமேல் நிற்கிறான்,
துண்டில் தூசிகூட இல்லை.
அதற்காகத்தான் வருகிறேன் என்று
சிக்கந்தர் யாரிடமோ சொன்னானாம்.
நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி சண்டையே போடவில்லை.
நகரத்தை அழிப்பேன் என்று சவால் விட்டவன்
துறைமுகத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.
எந்த ஆபீசிலும் எவரும்
எனக்காக அவ்வளவு பொறுமையாய்க் காத்ததில்லை.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டு
ஆக உயரமான கோபுரத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன்.
மழை பெய்தது அந்த ஊரில்.
யாருடைய பெயரும் தெரியாத ஊர்.
யானைமலை இருக்க வேண்டிய திசையில்
வெறும் சாம்பல் நிறம்.
"அதுக்கு மேல வரையல அண்ணே,"
என்றாள் பக்கத்து நாற்காலியில் மாஸ்டரின் மகள் நாச்சம்மை,
தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பழைய கருவி.
கீழே வைத்தால் துண்டுக்காரன் தானாகவே
இடப்பக்கம் நகர்வான்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கையில்
விளிம்பு தாண்டி விழுந்து,
எழுந்து, நடந்து,
வரையாத இடத்தில் முட்டி
நின்றபடியே நடந்துகொண்டிருந்தான்.
சிக்கந்தர் சுவிட்சில் கை வைத்தான்.
கீழே மாஸ்டர்
முட்டை உடைக்க நிறுத்தியிருந்தார்.